அம்மா சுடும்

கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை அறுத்து எடுத்த பிறகு, மிச்சமிருக்கும் செல்களை அழிக்க எனக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார்கள். திருச்சியில் ஈயத் தகடு பதித்த ஓர் அறையில் தனியாக இருந்தேன். கதிர்வீச்சு அளவு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் மூன்று வாரத்துக்குக் குழந்தையைத் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது என்றார்கள். மகளுக்கு அப்போது இரண்டரை வயது.

நான் கறம்பக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. வருஷா வருஷம் அரை ஆயுளைப் பலகையில் வரைந்து நடத்துகிறவள். இந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும். உடம்பும் வெளியேற்றுவதால் அதைவிடச் சீக்கிரமே குறையும். பீட்டா கதிர் சதைக்குள்ளேயே நின்றுவிடும். காமா மட்டும் தோலைத் தாண்டி வெளியே வரும், தள்ளி நின்றால் அதுவும் வெகுவாகக் குறையும். கணவரைக் கூடத்தில் நிறுத்தி, அறைக்குள்ளிருந்தே இதையெல்லாம் சொன்னேன். உரக்கடை வைத்திருப்பவர். தலையை ஆட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் மகள் என் அறையை நோக்கி ஓடி வந்தாள். அவர் பாய்ந்து தூக்கினார்.

"அங்கிட்டுப் போகாத பாப்பா. அம்மா சுடும்."

அடுப்பைக் காட்டிச் சொல்கிற அதே குரல்.

"என்னங்க இது? இது சுடாதுன்னு நேத்துத்தானே சொன்னேன்."

"சின்னப் பிள்ளைக்கு காமான்னா புரியுமா? சுடும்னாத்தான் நிக்கும்."

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லுங்க."

"சொன்னா கேக்குறாளா? நீயே பாத்தேல்ல."

அவர் சொன்னது பலித்தது. மகள் அதன்பிறகு அறைப் பக்கம் வரவில்லை. அவர் தினமும் அவளைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஜன்னல் வழியாகக் கை அசைத்தால், அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் முடிந்தது. குளித்து, புதுச் சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து கையை நீட்டினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அம்மா சுடும்," என்றாள்.

"இப்ப சுடாதும்மா, வா," என்று கணவர் சிரித்தபடி சொன்னார். அவள் நம்பவில்லை. "விடு, தானா சரியாயிரும்," என்றார் என்னிடம். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. அணுவுக்குள் நடப்பதை வகுப்பு முழுக்கப் புரிய வைக்க முடிகிறது. நான் பெற்ற பிள்ளையிடம் ஒரு வார்த்தையை மாற்ற முடியவில்லை. பொம்மை வாங்கினேன், தோசையில் நிலா செய்து கொடுத்தேன். தோசையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்த் தின்றாள்.

ஒரு மதியம் கடைக்கு லாரியில் உர மூட்டை வந்ததால் அவளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய், மின்விசிறி நின்று, வியர்த்து விழித்தவள், அப்பாவைத் தேடினாள். வீட்டில் நான்தான் இருந்தேன். சிணுங்கிக்கொண்டே வந்து என் மடியில் ஏறிப் படுத்து, மறுபடி தூங்கிவிட்டாள். கால் மரத்துப் போன பிறகும் நான் அசையவில்லை.

சாயங்காலம் வந்த கணவர் அவள் என் மடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நாந்தான் சொன்னேன்ல, தானா சரியாயிரும்னு," என்றார்.

அன்று நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கவில்லை.