வசனத்துக்கு விட்ட இடைவெளி

டிரெசர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எங்கள் கூட்டம் அப்படித்தான் தொடங்கும். எழுபதுகளின் கடைசியில், மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் கலைக்குழு நடத்துகிறவர்கள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் கூடுவோம். பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து கோலாட்டக் குழு அக்கா வருவார். திரிங்காப்பிலிருந்து பஜனைக் குழு அண்ணன் வருவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் என்பதாலேயே நாடக மன்றம் என் தலையில் விழுந்திருந்தது. ஞாயிறன்று கொட்டகையில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். வெறும் துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஜன்னல் வழியே பனி நுழையும்போது அவை மெல்ல ஆடும். எல்லாரும் அதைப் பார்க்காததுபோல் உட்கார்ந்திருப்போம்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெசர்தான் இந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவர். குழுவை நடத்துகிறவனுக்கு மனக்குறையைச் சொல்ல ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். ஒருவர் கால் மணி நேரம் பேசவேண்டும். மற்றவர்கள் புத்தி சொல்லக்கூடாது, ஆறுதலும் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். பஜனை அண்ணனுக்கு இது பெரிய தண்டனை.

"டிரெசரே, இவன் ஒரு மடையன்னு சொல்லணும்னா என்னா செய்றது?"

"அதையும் கேள்வியாவே கேளுங்கலா."

அந்த மாதம் என் முறை. இரண்டு மாதத்துக்கு முன் எங்கள் நாடகத்தின் கதாநாயகர், லோரி ஓட்டுகிற அண்ணன், வளைவில் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து இறந்திருந்தார். கோயில் திருவிழாவுக்கு நான்கு வாரமே இருந்தது. அவர் வேடத்தை ஏற்க ஆள் கிடைக்கவில்லை. ஒத்திகையில் அவருடைய வசனம் வரும் இடத்தில் எல்லாரும் அசையாமல் நிற்பார்கள். அவர் பேசி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம். பிறகு அவருக்குத் தம்பியாக நடிப்பவன் பதில் வசனத்தை எடுப்பான். அப்படி நிற்கும்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அந்த நேரத்துல ஒனக்கு ஏதும் கேக்குதா தம்பி?" என்றார் அக்கா.

"கேக்குதுக்கா. அவரு கொரல்."

"நாடகத்துல உள்ளதத்தான் பேசுறாரா?"

தொட்டில்கள் ஆடுவது நின்றிருந்தது. டிரெசர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இன்னொரு கேள்வி கேட்டார். "அன்னைக்கு அவர ஒத்திகைக்கு வரச் சொன்னது யாரு?"

"நான்தான்," என்றேன்.

அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு நேரிலேயே போயிருந்தேன். "பனி எறங்கிருச்சு தம்பி, நாளைக்குப் பாத்துக்கலாம்லா," என்றார். "ஒருத்தருக்காக இத்தன பேரு காத்துக் கெடக்கணுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு வந்தேன். பின்னாலேயே ஒத்திகைக்குப் புறப்பட்டு, அந்த வளைவில் விழுந்திருக்கிறார். ஒத்திகையில் எனக்குக் கேட்டது, பனி இறங்கிவிட்டது என்ற அந்தப் பேச்சுதான். குழுவில் இதைச் சொன்னால் மன்றம் கலைந்துவிடும் என்று பயந்தேன். சொல்லாமல் அவர்கள் நடுவில் நிற்கவும் முடியவில்லை.

கொட்டகையில் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. பஜனை அண்ணன்கூட என்னை மடையனா என்று கேட்கவில்லை. டிரெசர் மட்டும் கேட்டார்: "அடுத்த ஒத்திகை எப்ப?"

அந்த ஒத்திகையில் எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். தம்பி வேடக்காரன் கீழே பார்த்தபடி பேசினான்.

"தெரியும்ணே. அந்த எடம் வந்தா அவரு அதத்தானே சொல்றாரு?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

"ஒங்களுக்கும் கேக்குதா?"

"எல்லாருக்குந்தான். நீங்க பதில் சொல்லுவீங்கன்னுதான் ஒவ்வொரு வாட்டியும் நிக்கிறோம்."

ஒத்திகை தொடங்கியது. அந்த இடம் வந்தது. எல்லாரும் நின்றார்கள். எனக்கு முன்னால் ஆளில்லாத இடத்தைப் பார்த்து, "சரிண்ணே, நாளைக்கே பாத்துக்கலாம். இன்னைக்கு வராதீங்க," என்றேன்.

தம்பி வேடக்காரன் அவர் குரல் இன்னும் வருகிறதா என்று சற்று நேரம் காதுகொடுத்து நின்றான். பிறகு தன் வசனத்தை எடுத்தான்.