அனந்தநாராயணன் சூடேற்றிய கல்

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கைத் தாதுப் பரிசோதனைச் சாலையாக மாற்றியிருந்தார்கள். அங்கே நான் குமாஸ்தா, அனந்தநாராயணன் உலைக்காரர். அறுபதாம் ஆண்டுவாக்கில் அவருக்கு நாற்பது வயதிருக்கும். அவரைப் போல வாய் திறக்காத மனிதரை நான் கண்டதில்லை. சாயா வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். வேண்டுமா வேண்டாமா என்பதை நாம்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

அவர் மனைவி காமாக்ஷி பல வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "சுவரோட குடித்தனம் பண்ண என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டுப் பாலக்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு அவர் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வந்தார். அந்த வீட்டில் தனியாக இருக்கப் பயம், வேறென்ன.

அந்தச் சமயத்தில்தான் வெங்கிடராமன் என்ற ஆராய்ச்சிக்காரர் சில கறுப்புக் கற்களோடு வந்து சேர்ந்தார். அணு உலையில் எரிபொருளாகப் போடும் ஆக்சைடு கதிர்வீச்சால் எவ்வளவு கெட்டுப்போகும் என்பது அவருடைய கவலை. அந்தக் கற்களும் ஆக்சைடுதான். உள்ளே யுரேனியமும் தோரியமும் உண்டு. ஆதியில் அடுக்கடுக்காக ஒழுங்காய் நின்ற அணுக்களை, உள்ளிருந்தே கிளம்பிய கதிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இடித்துக் கலைத்திருந்தன. சூடேற்றினால் அவை திரும்ப வரிசைக்கு வருமா என்று பார்க்க வேண்டும்.

சூடேற்றியது அனந்தநாராயணன். உலை மங்கலான சிவப்பில் இருக்கும்போதே ஒரு கல் திடீரென்று உலையைவிடப் பிரகாசமாக ஒளிர்ந்து அடங்கியது. அடுத்த கல்லும் அப்படியே. அன்று சாயங்காலம் மனுஷர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். கதவைத் திறந்த பிறகுதான் சொல்ல ஆளில்லை என்பது உறைத்ததாம்.

கடைசியில், கல் ஒளிர்வதை வந்து பார்க்கச் சொல்லிக் காமாக்ஷிக்குக் கார்டு போட்டார். எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும், அப்படியே வந்து பார்ப்பதாகவும் பதில் வந்தது. வெங்கிடராமனிடம் கெஞ்சி, மிச்சமிருந்த ஒரே கல்லை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் திரும்பி வருவது அந்தக் கல்லில்தான் இருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டார்.

நைவேத்தியத்துக்குச் செய்ததை யாராவது முன்னாலேயே ருசி பார்ப்பார்களா? இவர் பார்த்தார். அவள் எதிரில் ஒளிராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்தில், முதல் நாளே கல்லை உலையில் வைத்தார். அருமையாக ஒளிர்ந்தது. ஆறவிட்டுப் பத்திரமாக எடுத்து வைத்தார்.

மறுநாள் காமாக்ஷி வந்து உலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாங்களும் நின்றிருந்தோம். கல் உலையோடு உலையாகச் சிவந்து, அப்படியே கிடந்தது.

வெங்கிடராமன் அனந்தநாராயணன் காதருகே குனிந்தார். "நேத்தே சூடு பண்ணிட்டேளா? கலைஞ்ச அணுவெல்லாம் வரிசைக்குத் திரும்பறச்சே வர்ற வெளிச்சம் அது, நேத்தே திரும்பியாச்சு, ஓய். ஒரு கல் ஒரு தடவைதான் ஒளிரும்."

அனந்தநாராயணன் முகம் செத்துப்போயிற்று.

"ஏன்னா, என்ன ஆச்சு?" என்றாள் காமாக்ஷி.

அவர் உலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒளிரலைன்னா போகட்டும். வாயைத் திறந்து ஏதாவது மிண்டுங்கோளேன். அதுக்காக்கும் நான் வந்தது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம், "எர்ணாகுளம் போட்டுக்கு நாழியாச்சு" என்றார்.

அவள் எழுந்து ஜெட்டிப் பக்கம் நடந்தாள்.

படகு போன பிறகு அவர் என் மேஜைக்கு வந்தார். முதல் நாள் அந்தக் கல் எப்படி எரிந்தது, எந்த ஓரம் முதலில் வெளுத்தது, தன் கண்ணில் ஏன் நீர் வந்தது என்று விடாமல் சொல்லிக்கொண்டே போனார். எனக்குக் கோபம் தாங்கவில்லை.

"இதை மன்னிகிட்டச் சொல்லப்படாதா, ஓய்?"

"சொல்லத் தெரியாததாலதானே, பிச்சுமணி, காட்டலாம்னு கூப்பிட்டேன்" என்றார்.