ஆலமரங்கள் நிற்கும் திருப்பூர்

கோபே நகரத்தில் நான் குடியேறிய மூன்றாம் மாதம், பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு இனிப்புப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டினார். இடுப்புவரை குனிந்து நிமிர்ந்து, நாளையிலிருந்து தன் வீட்டில் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். இன்னும் வராத சத்தத்துக்கு மன்னிப்பு கேட்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. மறுநாள் விடுமுறை. காலையிலிருந்து காத்திருந்தும் எதுவும் கேட்கவில்லை. மதியம் சுவரோடு காதை ஒட்டிவைத்த பிறகுதான், மரத்தை மெல்லச் சீவும் ஒலி கேட்டது.

நான் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவன். திருப்பூரில் எங்கள் வீட்டின் முன்பாதி, அப்பாவின் துணி பின்னும் நிட்டிங் யூனிட். நான்கு மிஷின்கள் ராப்பகலாகச் சுற்றும். அம்மா இருந்தவரை சாப்பிடக் கூப்பிடுவதுகூடக் கையசைவில்தான். கரண்ட் போனால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று நினைப்பீர்கள். எங்களுக்கோ அப்போதுதான் விழிப்பு வரும். துணி இறக்குமதி செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்து ஜப்பான் வந்த பின், அந்த நாட்டின் அமைதியில் பல நாள் எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அந்த அம்மாளின் பெயர் மிச்சிகோ. அந்த ஊர் வழக்கப்படி, மரியாதைக்கு 'சான்' சேர்த்து மிச்சிகோ சான் என்பேன். மரப்பலகையில் நகரங்களைச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி எடுப்பவர். மலர்களும் அலைகளும் அவர் படங்களில் கிடையாது. மின்கம்பிகள், தண்ணீர்த் தொட்டிகள், ரயில் பாலம், துணி காயும் மொட்டைமாடிகள் இவைதான். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. எங்கள் ஊரில் டீ-ஷர்ட்டுக்குப் பிரிண்ட் போடுகிறவர்களும் நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் வைப்பார்கள். யாரும் விளக்காமலே எனக்குப் புரிந்த முதல் ஜப்பானிய விஷயம் அதுதான்.

ஒருநாள் தேநீர் கொடுத்து, உங்கள் ஊர் எப்படியிருக்கும் என்று கேட்டார். அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னேன். சாயம் கலந்து நிறம் நிறமாக ஓடும் நொய்யல் ஆறு, முன்னும் பின்னும் துணி ரோல்களை ஏற்றிப் போகும் மொபெட்டுகள், ஷிப்ட் விட்டதும் ரோட்டை நிறைக்கும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஊரின் விசேஷம் என்னவென்று கேட்டார்.

"பனியன்" என்றேன். "வீதிக்கு வீதி பனியன்தான்."

அவர் கையடக்க மின் அகராதியில் அந்தச் சொல்லைத் தட்டி என்னிடம் காட்டினார். ஜப்பானிய எழுத்து எனக்கு வாசிக்க வராது. தலையாட்டினேன்.

"உங்கள் அப்பாவும் பனியனா?"

"ஆமாம். எங்களிடம் நான்கு இருக்கிறது. அப்பா ஒருவரே பார்த்துக்கொள்கிறார். ராத்திரிகூட விட்டுப் போகமாட்டார்."

மிச்சிகோ சான் கண்கலங்கிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்றார். பனியன் கம்பெனிக்காரருக்கு இவ்வளவு மரியாதையா என்று நானும் நெகிழ்ந்துபோனேன்.

குளிர்காலம் முழுக்கச் சுவருக்கு அப்பால் சீவும் ஒலி. வசந்தம் தொடங்கி, நான் லீவில் ஊருக்குப் புறப்பட இருந்த வாரத்தில் அவர் ஒரு படத்தை நீட்டினார். மூன்று நிறத்தில் நொய்யல் ஓடியது. மொபெட்டுகள் போயின. பெண்கள் வரிசையாக நடந்தார்கள். நான் சொன்ன எதையும் அவர் விடவில்லை. அத்தனைக்கும் மேலே, கட்டடங்களுக்கு நடுவே, விழுது விட்ட பிரமாண்டமான ஆலமரங்கள்.

"பனியன்" என்று ஒரு விழுதின் மேல் பெருமையாக விரலை வைத்தார்.

ஆங்கிலத்தில் ஆலமரத்துக்கும் 'பேனியன்' என்று ஏறக்குறைய அதே உச்சரிப்புத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சட்டைக்குள் இருந்த பனியனை இழுத்துக் காட்டக் கை எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு, குனிந்து நன்றி சொன்னேன்.

யூனிட்டை இனி நான் பார்த்துக்கொள்வேன் என்ற நினைப்பில் அப்பா ஊரில் காத்திருந்தார். இன்னும் இரண்டு வருடம் ஜப்பானில் இருக்க ஒப்புக்கொண்டுவிட்டதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பேச்சைத் தள்ளிப்போடத்தான், துணி செக்கிங் மேஜையில் படத்தை விரித்தேன்.

"இது எந்த ஊரு கண்ணு?" என்று மிஷின் சத்தத்தை மீறிக் கேட்டார்.

"நம்மூருதானுங்கப்பா. நாஞ் சொல்லச் சொல்லப் பக்கத்தூட்டம்மா செஞ்சாங்க."

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நம்மூர்ல ஏது சாமி இத்தன ஆலமரம்? நீ இப்படித்தா சொன்னயா? அதுக்குள்ள ஊரு மறந்து போச்சா உனக்கு?"

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. பதறிப்போய் அகராதிக் கதையை முழுவதும் சொன்னேன். கேட்கக் கேட்க அப்பாவுக்குச் சிரிப்பு பொங்கியது. "அப்ப நாலு மிஷினும் நாலு மரமாக்கும்" என்று இருமி இருமிச் சிரித்தார். இந்தச் சமயத்தை விட்டால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"அப்பா, இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. நானும் சரின்னுட்டனுங்க."

சிரிப்பு நின்றது. அப்பா படத்தின் மேல் குனிந்தார்.

"நம்மூடு எங்க இதுல?"

பெரிய மரத்தடியில் இருந்த ஒரு மொட்டைமாடியைக் காட்டினேன்.

"பின்னால இதென்ன மலை? நம்மூருக்கு ஏது மலை?"

நானும் அப்போதுதான் அதைக் கவனித்தேன். அது கோபேக்குப் பின்னால் நிற்கும் மலை. முதுகில் மலை இல்லாத நகரத்தை மிச்சிகோ சானால் கற்பனை செய்ய முடியவில்லை போலும். மலையடிவாரத்தில், வெளிப்படிக்கட்டு வைத்த மாடிக் கட்டடம் ஒன்று மிகச் சிறியதாகத் தெரிந்தது.

"அதானுங்கப்பா நான் இருக்கற ஊடு."

அப்பா கட்டைவிரலை எங்கள் மொட்டைமாடியில் ஊன்றி, கையை விரித்துச் சுண்டுவிரலை அந்தப் படிக்கட்டில் வைத்தார்.

"பக்கந்தான சாமி" என்றார்.

ஒரு மிஷினில் நூல் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா கையை எடுக்கவில்லை. நான் எழுந்துபோய் நூலை முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன்.