ஆளில்லாத ஊரின் வாசல்கள்

அருப்புக்கோட்டையில் வாடகை அம்பாசிடர் ஓட்டிப் பிழைத்த ஜோயலுக்கு வெள்ளைக்காரர்கள் என்றாலே சலிப்பு. திருச்சுழிக்கு வருவார்கள், மகான் பிறந்த வீட்டில் கண்ணை மூடி உட்காருவார்கள், எழுந்து மதுரைக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். எண்பத்தெட்டு பங்குனியில் ஒருத்தி வந்தாள். முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை. வண்டியைப் பகல் முழுவதற்கும் வாடகை பேசிவிட்டு, வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லாத இடமாகக் காட்டு என்றாள். இந்தக் காட்டில் என்னத்தைக் காட்டுவது, கருவேலமரத்தையா? வருவது வரட்டும் என்று நரிக்குடிப் பக்கம் வண்டியை விட்டான்.

வழியில் ஒரு ஊரைப் பார்த்து அவள் நிறுத்தச் சொன்னாள். கிணறெல்லாம் உப்பாகிப்போய், சனம் மொத்தமும் காலிசெய்த ஊர் அது. ஓடு சரிந்த வீடுகள். ஒரு கோழி இல்லை, நாய் இல்லை. ஆனால் வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை.

"ஆரு?" என்றது பின்னால் ஒரு குரல்.

குருவம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஊரில் அவள் ஒருத்திதான் மிச்சம். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பிமார் வருந்திக் கூப்பிட்டும் போகாத பிடிவாதக்காரி. ஊருணித் தண்ணீரைச் சுமந்துவந்து ஊரெல்லாம் தெளிப்பாள். சுக்கான்கல்லை இடித்த மாவில் கோலம் போடுவாள்.

"எதுக்கும்மா உங்களுக்கு இந்த வேலை?" என்று கேட்டான் ஜோயல்.

"வாசல் வெறிச்சுன்னு கெடந்தா எழவு வீடும்பாகள்ல. இங்க ஆரு செத்தா? பொழைக்கத்தான போயிருக்காக."

வெள்ளைக்காரி படம் பிடித்துக்கொண்டிருக்கையில் குருவம்மாள் ஜோயலிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒரே பயந்தான் தம்பி. செத்தா நாய் நரி இழுத்துரக் கூடாது. தூக்கிக் கொண்டுபோயிப் பொதைக்க நாலு தோளு வேணும். இந்த ரோட்டுல போகையில முத வீட்டு வாசலைப் பாரு. கோலம் இல்லேன்னா உள்ள வா."

"நாங்க வேதக்காரவுகம்மா," என்று கழுத்துச் சிலுவையைக் காட்டினான்.

"தோளுதானப்பா கேட்டேன். வேதமா கேட்டேன்?"

பார்க்கிறேன் என்றான். அந்த வெள்ளைக்காரி எங்கெங்கே போய்ச் சொன்னாளோ, அதன்பின் மூட்டையும் முதுகுமாக வருகிறவர்கள் ஆளில்லாத ஊரைத்தான் கேட்டார்கள். குருவம்மாள் அவர்களுக்குக் கம்மங்கூழ் ஊற்றினாள். ஜோயல் தனியாகப் போகும்போதும் முதல் வாசலைப் பார்க்கத் தவறியதில்லை. கோலம் இருக்கும். நிம்மதியாக வண்டியை மிதிப்பான்.

தொண்ணூற்றிரண்டு மாசியில் ஒரு வெள்ளைக்கார ஜோடியோடு போனான். முதல் வாசலில் கோலம். அடுத்த வாசலிலும் கோலம். அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே தெருக்கோடிக்குப் போனான். அவள் வாசல் மட்டும் வெறிச்சென்று கிடந்தது. சாத்திய கதவுக்குள்ளிருந்து வாடை வந்தது.

குருவம்மாள் செத்துப் பல நாளாகியிருந்தது. கதவு சாத்தியிருந்ததால் நாய் நரி நுழையவில்லை. முந்தாநாள் இந்த வழியாகப் போனபோதும் கோலத்தைப் பார்த்து நிம்மதிப்பட்டானே, அதை யார் போட்டது? இன்றைக்கு ஈரம் காயாத இந்தக் கோலங்களை யார் போட்டது? எழவு வீட்டு வாசலை மட்டும் முறை தெரிந்து விட்டிருக்கிறதே, அது யார் கை?

ஜோயல் ஓடிப்போய், காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த நல்லகண்ணு என்ற கிழவரைக் கூட்டிவந்தான். கிழவர் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஆரும் வரலையே தம்பி," என்றார். "சரி, பேசாத. பொழுது சாயிறதுக்குள்ள தூக்கிருவோம்."

கருவேலங்கம்பு வெட்டிப் பாடை கட்டினார்கள். வெள்ளைக்காரனைச் சேர்த்தும் மூன்று தோள்தான். பெண்பிள்ளை பாடை தூக்கும் வழக்கம் கிடையாது. அவனோடு வந்த வெள்ளைக்காரி முதுகு மூட்டையை இறக்கி வைத்தாள், முகத்தில் துணியைக் கட்டினாள், நாலாவது முனையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். ஜோயலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே வந்து பார்க்காமல் போனேனே தாயே என்று வாய்விட்டு அழுதான்.

தெருவில் ஒரு கோலத்தையும் மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். பத்து வீடு தாண்டியதும் வெள்ளைக்காரி திகைத்துப்போய் ஜோயலைப் பார்த்தாள். அவனுக்கும் அப்போதுதான் உறைத்தது. தோளில் பாரமே இல்லை. பாடை மட்டும் யார் யாரோ தாங்குவதுபோல் அவர்களோடு வந்துகொண்டிருந்தது.

ஜோயல் கழுத்தைத் திருப்பப் போனான்.

"பின்னால பாக்காத," என்றார் நல்லகண்ணு. "ஊரு வந்திருக்கு. நட."