நாரைக் குஞ்சின் முகம்

கல்யாண வீடுகளில் ட்ரோன் விட்டுப் பிழைக்கிறவன் நான். நயினார்கோவில் பக்கத்து ஊர் ஒன்றில் என்னைக் கூப்பிட்டது நாரைக் கூடுகளை எண்ணுவதற்கு. கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களை ஏலம் விடப்போவதாகப் பேச்சு. இத்தனை கூடு இருக்கிறது என்று படத்தோடு மனுக் கொடுத்தால் மரமும் தப்பும், பறவையும் தப்பும் என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன்.

பறவை மிரளாமல் ட்ரோன் விட எனக்குத் தெரியும். கரைக்கு அந்தப்பக்கம், தூரத்து வயலிலிருந்து ஏற்ற வேண்டும். நல்ல உயரம் போன பிறகுதான் மரத்துப் பக்கம் நகர்த்த வேண்டும், அதுவும் மாட்டுவண்டி வேகத்தில். கூட்டுக்கு நேர் மேலே நின்றுகொண்டு கீழே மட்டும் இறக்கவே கூடாது. அப்படி இறங்குவது பருந்துதான். அன்று காலை ஒரு நாரைகூடத் தலை தூக்கவில்லை. எண்ணி முடித்தேன். அதோடு பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும்.

கூட நின்ற அக்காவுக்குக் கண்மாய்க்கரையில் வீடு. பறவைகளுக்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வாக்கப்பட்டு வந்ததிலிருந்து அவர் ஒரு பொட்டுவெடிகூடக் கொளுத்தியதில்லை. ஆனால் உச்சிக்கொப்பில் இருக்கும் குஞ்சை ஒரு தடவையும் பார்த்ததில்லையாம்.

"தம்பி, நாரைக்குஞ்சு மூஞ்சிய ஒரு தடவ காட்டுங்களேன். கிட்டக்க பாக்கணும்னு எத்தன வருசத்து ஆச."

மறுக்க மனசு வரவில்லை. உள்ளதைச் சொன்னால், என் வித்தையைக் காட்டவும் ஆசை. இறக்கினேன். திரையில் குஞ்சு வாயைப் பிளந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் கண்மாயில் இருந்த அத்தனை நாரையும் எழுந்துவிட்டது. காலிக் கூடுகளில் காக்கைகள் இறங்கின. நான் பதறிப்போய் ட்ரோனைத் திருப்பியும் நாரைகள் இறங்கவில்லை, உச்சிப்பொழுது தாண்டியும் வட்டமடித்துக்கொண்டே இருந்தன. காக்கை விட்டுவைத்த குஞ்சுகளை வெயில் கொன்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மனு பலித்தது. மரங்களை வெட்டவில்லை. அடுத்த மழையில் கண்மாய் நிறைந்தது, நாரை வரவில்லை. அதற்கடுத்த மழைக்கும் இல்லை.

இந்தத் தீபாவளிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் சரவெடிச் சத்தம். பேசுவதே கேட்கவில்லை. சரம் ஓய்ந்ததும், யார் வீட்டு வெடி என்று கேட்டேன்.

"எங்க வாசல்லதான் தம்பி," என்றார். "நாந்தான் கொளுத்துனேன். இனி யாருக்காக வெடிக்காம இருக்கது?"