ஊதாவிரல் ஒட்டிய சீட்டு

செடிகளைக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, அலமாரியில் அடுக்கும் அந்தக் கட்டடத்தில் ஊதாவிரலைத் தெரியாத கரப்பான்பூச்சி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக ஒட்டுகிறார். அவர் ஒட்டியதையெல்லாம் திரும்ப நட்டால் நிலாவுக்கே நிழல் கிடைக்கும்.

படிப்பு மூணாங்கிளாஸ். ஆனால் லத்தீனில் இரண்டு சொல் தெரியும். ‘டிங்கென்ஸ்’ என்றால் தொட்டதில் கறை ஏற்றும் செடி. ‘டிங்க்டோரியா’ என்றால் துணிக்குச் சாயம் தரும் செடி. சொல்லிக்கொடுத்தவர் டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செடி டாக்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்குவாரி மேட்டிலிருந்து ஊதாவிரலே ஒரு குத்துச்செடியைப் பிடுங்கி வந்தார். வேர் வெள்ளை வெளேர். மூன்றாம் நாள் செடியை அமுக்கி வைத்த தாளை மாற்றும்போது பார்த்தால் செய்தித்தாள் முழுக்க ஊதா. விரலும் ஊதா. பட்டப்பெயர் அன்று வந்ததுதான்.

டாக்டர் துள்ளினார். “அண்ணே, இது புதுசு! உலகத்துலயே இதுக்கு இன்னும் பேர் இல்ல. சீட்டுல ‘சேகரித்தவர்’னு உங்க பேருதான்!”

தெருவில் புது மாப்பிள்ளை நடை நடந்தார் மனுஷர். மனைவி மட்டும் வேரை அரைத்து, பழைய தலையணை உறையை முக்கிப் பார்த்தாள். ஒரே அலசலில் வெளுத்துவிட்டது.

“உங்க வேரும் உங்க ஆபீஸ் மாதிரிதான். காகிதத்துல மட்டும்தான் எல்லாம் ஒட்டும்.”

எட்டு மாதம் கழித்து, அச்சடித்த சீட்டு ஒட்டுவதற்காக அவர் மேஜைக்கே வந்தது. எழுத்துக்கூட்டினார். பெயர்: டிங்க்டோரியா. சேகரித்தவர்: டாக்டரின் மகன். தொட்டி ரோஜாவுக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத பிள்ளை.

“டாக்டர், என் பேரு?”

டாக்டர் சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். “அவன் மேல படிக்கணும்ல அண்ணே. பேர் இருந்தா சேத்துக்குவாங்க. தப்பா நினைக்காதீங்க.”

“துணியில முக்கிப் பாத்தீங்களா?”

“எதுக்கு? காகிதத்துலயே இந்தப் பிடி பிடிக்குதே!”

“ஒரு தடவை அச்சாயிட்டா, பேர் பொருந்தாட்டியும் மாத்த முடியாதுனு சொன்னீங்கல்ல?”

“ஆமா. ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

பசை தடவினார். சீட்டு நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் உட்கார்ந்தது. கோணலாக ஒட்ட அந்தக் கைக்குத் தெரியாது.

வீட்டு வாசலிலேயே மனைவி கேட்டாள். “பேரு வந்துச்சா?”

“வந்துச்சு. அந்தத் தலையணை உறை எங்க?”

எடுத்துக் கொடுத்தாள். அவர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஊதாவைப் பிடித்துக்கொள்ளாத துணி, இதை மட்டும் சொட்டு விடாமல் குடித்தது.