சர்வீஸ் பிரிவின் குரல்

வாசல் மணியில் கேமரா வைத்து விற்கும் எங்கள் கம்பெனியில் மொத்தமே ஐந்து பேர். கடிதம் அடிக்க வந்த அக்கா, ஆறே மாதத்தில் பெட்டி கட்டினார், ஏணி ஏறினார், பழுதும் பார்த்தார். பழைய ஆபீஸில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒரே படிவத்தை எட்டு வருடம் செக்குமாடாகச் சுற்றியவருக்கு இங்கே காலில் சக்கரம் முளைத்துவிட்டது. வீட்டில் சாப்பிடும்போதுகூட எழுந்து எழுந்து போவாராம். “நாற்காலி ஒன்னும் கடிக்காது, உக்காரு” என்பாராம் வீட்டுக்காரர்.

ஐந்து பேருக்குள் பிரிவு ஏது? ஆனாலும் யாராவது சர்வீஸ் பிரிவைக் கேட்டால், அக்கா “மாத்திவிடுறேன்” என்று ஃபோனை மேஜையில் வைப்பார், பத்து எண்ணுவார், குரலைக் கனமாக்கிக்கொண்டு அவரே எடுப்பார்.

அன்று சர்வீஸ் பிரிவைக் கேட்ட ஒரு வயதான அம்மாள், தன் வீட்டு வாசல் மணி சரியானதும், அந்தக் கனத்த குரலிடம் சொன்னார்: “முதல்ல பேசின பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா பேச்சுலயே என்ன பறப்பு பறக்குது! கொஞ்ச நேரம் உக்காரச் சொல்லுங்க.”

ஒரு கையில் ஃபோனும் மறு கையில் பெட்டி ஒட்டும் டேப்புமாக நின்ற அக்கா, காலியாகக் கிடந்த தன் நாற்காலியைப் பார்த்தார்.

“எட்டு வருஷம் உக்காந்தாச்சும்மா” என்றார், குரலைக் கனமாக்க மறந்து.